டீமுக்குள் போட்டியை வளர்க்கும் அப்ரைசல் வேண்டாம்
பணியும் ஊதியமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் 40 பேர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொறியாளர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இதுவரை ஊதிய உயர்வை நிறுவனர்களே தம் கணிப்பில் முடிவு செய்து வந்தார்கள். இந்த ஆண்டு முறையான அப்ரைசல் திட்டம் ஒன்றை வகுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு டீமிலும் ஒன்று முதல் ஐந்து வரை ரேட்டிங் கொடுத்து, பெல் கர்வில் பொருத்தி, மேலே வருபவர்களுக்கு அதிக ஹைக் தரலாம் என்பது அவர்களுடைய யோசனை. இது நியாயமான வழிதானா?
– வாசகர், கோவை

பதில்: நியாயமான வழி இல்லை என்பதே என் உறுதியான கருத்து. முதலில் கணக்கே இடிக்கிறது. பெல் கர்வ் என்பது, பெரும்பாலோர் நடுவிலும் மிகச் சிலர் மட்டும் இரு முனைகளிலும் அமையும் மணி போன்ற வடிவம்; வடிகட்டாமல் எடுத்த பெருங்கூட்டத்தின் உயரம் போன்ற அளவுகளில் தென்படுவது. உங்கள் டீமில் இருக்கும் ஏழெட்டுப் பேரோ எழுத்துத் தேர்விலும் பல சுற்று நேர்காணல்களிலும் தேறி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் கடைசி ரேட்டிங்கில் இருந்தே தீர வேண்டும் என்று ஆண்டு தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட்டால், அதன் பிறகு நடக்கும் மதிப்பீட்டுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

கணக்கைவிடப் பெரிய கேடு, அன்றாட வேலையில் நிகழ்கிறது. உங்கள் அலுவலகத்தில் நடக்கக்கூடிய ஒன்றையே எண்ணிப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், பணம் செலுத்தும் பகுதிக்கான நிரலை எழுதி, இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு அனுப்புகிறார். மூத்த பொறியாளர் ஒருவர் தம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, பிற்பகல் முழுவதும் அதை வரிவரியாகப் படிக்கிறார். நெட்வொர்க் இடையில் துண்டிக்கப்பட்டால் அந்த நிரல் மறுபடியும் முயன்று வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு முறை பணம் எடுத்துவிடும் என்பதைக் கண்டுபிடித்து, திருத்தும் வழியையும் எழுதித் தருகிறார். மறுநாள் அந்த வேலைக்கான பதிவு, அதாவது டிக்கெட், புதியவரின் பெயரில் முடிகிறது. டிக்கெட்டுகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளிலிருந்து எடுக்கும் அறிக்கையில் மூத்தவருக்கு அன்று எந்த வேலையும் இல்லை. அதுமட்டுமல்ல, பெல் கர்வ் இருக்கும் இடத்தில் அவர் தம் ரேட்டிங்குக்குப் போட்டியாக நிற்பவரைத் தாமே கைதூக்கிவிட்டிருக்கிறார். இப்படி இரண்டு ஆண்டுகள் நல்ல ரேட்டிங்கை இழந்த பிறகும் அவர் அதே அக்கறையோடு அடுத்தவரின் நிரலைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

இந்த முறையை உலகறியச் செய்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக 1981 முதல் 2001 வரை இருந்த ஜாக் வெல்ச். ஊழியர்களை 20, 70, 10 விழுக்காடு என மூன்றாகப் பிரித்து, கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றுவது அவருடைய கொள்கை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நெடுங்காலம் இத்தகைய முறையையே கையாண்டது. திறமைசாலிகள் ஒருவரோடொருவர் ஒரே டீமில் சேரத் தயங்கினார்கள் என்று அங்கு பணியாற்றியவர்களே கூறினார்கள். 2013 நவம்பரில் அந்நிறுவனம் கர்வையும் ரேட்டிங்கையும் சேர்த்தே கைவிட்டது. பெரிய நிறுவனங்கள் பட்டுத் தெளிந்து விட்டுவந்த வழியில் நீங்கள் இப்போது புதிதாக இறங்க வேண்டியதில்லை.

ரேட்டிங்குக்குப் பதிலாக எண்ணிக்கையை வைக்கலாமா என்றும் சிலர் உங்களிடம் கேட்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தில் 1982-இல் லிசா கணினிக்கு நிரல் எழுதியவர்கள், வாரந்தோறும் எத்தனை வரிகள் எழுதினார்கள் என்பதைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான பில் அட்கின்சன் ஒரு வாரம் நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டியதோடு ஏறத்தாழ 2,000 வரிகளைக் குறைத்தும் இருந்தார். படிவத்தில் அவர் எழுதிய எண், கழித்தல் குறியிட்ட 2,000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கைக்கும் இதே கதிதான் நேரும்.

ஆகவே என் பரிந்துரை, அடிப்படை ஊதியம், திறன் பற்றிய உரையாடல், லாபத்தில் பங்கு ஆகிய மூன்றையும் பிரித்துவிடுங்கள் என்பதே. அடிப்படை ஊதியத்துக்கு நான்கைந்து நிலைகளை வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் இருப்பவர் எத்தகைய பொறுப்பை ஏற்பவர், யாருடைய உதவியின்றி எதைச் செய்யக்கூடியவர், பிறரை எப்படி வளர்ப்பவர் என்பதை எளிய நடையில் எழுதுங்கள். அந்தந்த நிலைக்குரிய ஊதிய வரம்பையும் அதனுடனேயே எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். பஃபர் என்ற நிறுவனம் 2013-இல் ஊழியர் அனைவரின் ஊதியத்தையுமே இணையத்தில் வெளியிட்டது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம், வரம்பு தெரிந்தால் போதும். ஒருவரை அடுத்த நிலைக்கு உயர்த்தும்போது மேனேஜரின் நினைவை மட்டும் நம்பாமல், உடன் பணிபுரிந்தவர்கள் சான்றுகளோடு எழுதித் தருவதைப் படித்து மூவர் கூடி முடிவெடுக்கட்டும். ரிவ்யூவில் பிற்பகலைச் செலவிட்ட அந்த மூத்தவரின் உழைப்பு பதிவாகும் இடம் அதுதான். புதிதாகச் சேர்பவருக்குச் சந்தை விலை கொடுக்கும்போது, அதே வேலையைச் செய்யும் பழையவரின் ஊதியத்தையும் அன்றே சரிசெய்துவிடுங்கள். நல்ல ஊழியர்கள் ராஜினாமா செய்வதற்கு இந்த ஓர் இடைவெளியே போதுமான காரணமாகிவிடுகிறது.

திறன் பற்றிய உரையாடலை மார்ச் மாதத்துக்கென்று சேர்த்துவைக்காமல், சில வாரங்களுக்கு ஒருமுறை, பணத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் நடத்துங்கள். ஹைக் நிர்ணயிக்கப்படும் அறையில் யாரும் தம் குறையை மனம்விட்டுச் சொல்வதில்லை. லாபத்தில் பங்கை எல்லோருக்கும் ஊதியத்தின் ஒரே விழுக்காடாகக் கொடுங்கள். டீம் வாரியாகப் போனஸ் வைத்தால் தனியாள் போட்டி டீம்களுக்கு இடையிலான போட்டியாக மாறும், அவ்வளவுதான். இன்னொன்றையும் நிறுவனர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்: மாதம் ரூ.60,000 வாங்கும் இருவரில் ஒருவருக்கு 10 விழுக்காடும் மற்றவருக்கு 8 விழுக்காடும் உயர்வு தந்தால் வேறுபாடு மாதம் ரூ.1,200. அந்தத் தொகைக்காக ஓர் ஆண்டு முழுவதும் மனக்கசப்பை விலைக்கு வாங்க வேண்டுமா?

கேள்வி: லாபத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கு என்றால், வேலை செய்யாமல் டீமின் தோளில் ஏறிப் பயணிப்பவரை என்ன செய்வது?
– டீம் லீட் ஒருவர், மதுரை

பதில்: அத்தகையவர் யார் என்பது டீமுக்கு ஓரிரு மாதங்களிலேயே தெரிந்துவிடும்; ஆண்டு இறுதி ரேட்டிங்குக்காகக் காத்திருப்பது மேனேஜர் தம் கடமையைத் தள்ளிப்போடுவதே ஆகும். தனியே அழைத்துப் பேசுங்கள், காரணத்தைக் கேளுங்கள், திருந்துவதற்கு உரிய காலத்தை எழுத்தில் கொடுங்கள், அதன் பிறகும் மாறாவிட்டால் பிரிந்துவிடுங்கள். ஒருவருக்காக மற்ற அனைவரையும் சந்தேகிக்கும் திட்டம் தேவையில்லை.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய எனக்குக் கடைசி ரேட்டிங் கிடைத்தது. 'யாராவது ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும், நீங்கள் ஆறு மாதம் இல்லையே' என்றார் மேனேஜர். இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: வேண்டாம். 26 வார விடுப்பு, மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின் மூலம் கிடைத்த உரிமை. அதைப் பயன்படுத்தியதற்காக ஒருவரின் பணி நிலையைப் பாதகமாக மாற்றுவதையும் சட்டம் தடுக்கிறது. நீங்கள் பணியில் இருந்த மாதங்களை மட்டும் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ரேட்டிங்குக்கான அடிப்படையை எழுத்தில் கேளுங்கள். மேனேஜர் சொன்னதைத் தேதியுடன் அதிலேயே குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால், அந்த மின்னஞ்சலின் நகலோடு தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை அணுகுங்கள்.