மைக்கில் விசில் அடித்து வாட் மீட்டரைப் பார்த்தாலே எஸ்.எஸ்.பி. (குரலை ஒரே பக்கப்பட்டையில் அனுப்பும் வானொலி முறை) டிரான்ஸ்மிட்டரின் நேரியல் தன்மை (அலையின் வடிவம் கெடாமல் பெருக்கும் திறன்) தெரிந்துவிடாதா? சோதிக்க இரண்டு தொனிகள் எதற்கு?

தெரியாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானும் ஓராண்டுக் காலம் வாட் மீட்டரை மட்டுமே நம்பி அலைவரிசையை அசுத்தப்படுத்தியிருக்கிறேன். நீங்களும் சொந்தமாக ஒரு செட்டைக் கட்டி முடித்து, கையில் ஒரு மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன்.

விசில் என்பது ஒற்றைத் தொனி. எஸ்.எஸ்.பி.யில் அதைக் கொடுத்தால் ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் அலைதான் வெளிவரும். பவர் ஆம்பிளிஃபயர் எவ்வளவு கோணலாக, அதாவது அலையின் வடிவத்தைக் கெடுத்து இயங்கினாலும், அதனால் மடங்கு அதிர்வெண்களில் பிறக்கும் ஹார்மோனிக்ஸை, உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் விழுங்கிவிடும், மீட்டர் முள்ளும் அசையாமல் நிற்கும். சம அளவுள்ள இரண்டு தொனிகளைக் கொடுக்கும்போதுதான் அலையின் உயரம் பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறி இறங்கி, ஆம்பிளிஃபயரின் முழு வீச்சையும் சோதிக்கிறது. வழக்கமாக எடுத்துக்கொள்வது 700, 1900 ஹெர்ட்ஸ்; ஒன்று மற்றொன்றின் மடங்காக இருக்கக் கூடாது.

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நான் கட்டியது 20 வாட் செட். பேசும்போது மீட்டர் 20ஐத் தொடவில்லை என்பதால், தொடும்வரை மைக் கெயினைக் கூட்டிவைத்தேன். ஜொகூர் பாருவில் இருக்கும் நண்பர் ஒருவர், “அண்ணே, நீங்க பேசுறது மூணு கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் கேக்குது” என்றபோது அவருடைய ரிசீவரில்தான் கோளாறு என்று சாதித்தேன். அன்று அவரிடம் அப்படிப் பேசியது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே வாங்கிய, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று என்னிடம் இருந்தது. ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை உள்வாங்கும் 50 ஓம் டம்மி லோடைச் செட்டில் இணைத்து, இரண்டு தொனிகளையும் கொடுத்துத் திரையைப் பார்த்தேன். மணிமாலைபோல் வரிசையாக, ஒவ்வொன்றும் உருண்ட தலையுடன் வரவேண்டிய வடிவங்கள், கத்தியால் சீவியதுபோல் மேலும் கீழும் தட்டையாக நின்றன. இரண்டு மணிகள் சந்திக்கும் இடத்தில் கோடுகள் கூர்மையாகப் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ள வேண்டும்; அங்கும் சற்று மழுங்கியிருந்தது. தலை தட்டையானது அளவுக்கு மீறிய டிரைவால், அதாவது ஆம்பிளிஃபயருக்குள் செலுத்திய சிக்னலால். சந்திப்பு மழுங்கியது, சிக்னல் இல்லாதபோதும் ஆம்பிளிஃபயரில் ஓடவேண்டிய பயாஸ் மின்னோட்டம் குறைவாக இருந்ததால்.

தவறு எங்கே நேர்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சராசரியைக் காட்டும் மீட்டர், இரண்டு தொனிகளுக்கு உச்சத் திறனில் (அலை உச்சத்தைத் தொடும்போது உள்ள திறனில்) பாதியையே காட்டும். அதாவது 20 வாட் செட்டில் 10 வாட்தான். பேச்சுக்கு அதைவிடவும் குறையும். முள் 20ஐத் தொடவேண்டும் என்று நான் முயன்றதே பிழை. ஸ்கோப்பில் அளந்தால், 20 வாட் உச்சத் திறனுக்கு 50 ஓமில் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை ஏறத்தாழ 89 வோல்ட் இருக்கும். என் செட் அந்த அளவை எட்டும் முன்பே தட்டையாகிவிட்டது.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இல்லாமல் செய்வது சோதனையே அல்ல என்று சிலர் வாதிடக்கூடும். சிறிய கோணல்கள் ஸ்கோப் திரையில் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆகவே நான் கணினியுடன் இணைத்த எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும்) ரிசீவரிலும் பார்த்தேன். 7100 கிலோஹெர்ட்ஸில் கீழ்ப் பக்கப்பட்டை (அதற்குக் கீழே விழும் பக்கம்) என்றால் தொனிகள் 7099.3, 7098.1 ஆகிய இடங்களில் தெரியும்; இரண்டு தொனிகளும் கலந்து பிறக்கும் புதிய அதிர்வெண்களான மூன்றாம் வரிசை இன்டர்மாடுலேஷன் 7100.5, 7096.9 ஆகிய இடங்களில் எழும். இவற்றுள் 7100.5இல் எழுவதை உன்னிப்பாகக் கவனியுங்கள். 7096.9இல் தெரிவது தொனி கொடுக்கும் கருவியிலேயே பிறந்த கோணலாகவும் இருக்கலாம் (மடிக்கணினியின் ஹெட்ஃபோன் வெளியீட்டில் ஒலியை முழுதாகக் கூட்டிவைத்து நானும் ஒருமுறை ஏமாந்தேன்). ஆனால் எதிர்ப்பக்கத்தில் விழுவது, ஒரு பக்கப்பட்டையை மட்டும் விடும் கிரிஸ்டல் ஃபில்டரைத் தாண்டிய பிறகு ஆம்பிளிஃபயரில் பிறந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

ரிசீவரே திணறிப் பொய் சொல்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அதன் முன், சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள்: உண்மையான கோணல் 10 டெசிபெல் மட்டுமே குறையும், ரிசீவருக்குள் பிறந்தது 30 டெசிபெல்வரை சரியும்.

டிரைவைக் குறைத்து, பயாஸை உயர்த்திய பிறகு என் செட்டில் மூன்றாம் வரிசை, ஒவ்வொரு தொனிக்கும் கீழே 26 டெசிபெல்லில் வந்து நின்றது. உச்சத் திறனை வைத்துக் கணக்கிட்டால் அது 32. இந்த 6 டெசிபெல் வேறுபாட்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டு லீனியர் ஆம்பிளிஃபயர் விற்பவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. அப்படி விற்ற ஒருவரிடம், அந்த எண் தொனிக்குக் கீழா, உச்சத்துக்குக் கீழா என்று இருமுறை எழுதிக் கேட்டேன். எத்தனை வாட் வரும் என்பதையே இருமுறையும் பதிலாக எழுதினார்.