பிளிமத் கடற்படை மருத்துவமனையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கட்டடக்கலை மாணவி நான். இங்கிலாந்தின் பிளிமத் நகருக்குப் போகிறேன். அங்கே ஸ்டோன்ஹவுஸில் உள்ள பழைய கடற்படை மருத்துவமனையைப் பார்க்க ஒரு பிற்பகல்தான் நேரம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு விஷயம். 1995இல் மருத்துவமனையை மூடிவிட்டார்கள். இப்போது அது மில்ஃபீல்ட்ஸ் என்ற குடியிருப்பு. அன்றைய வார்டுகளில் இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. வளாகத்துக்குள் நடக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனால் கட்டடங்களைவிட அவற்றுக்கு நடுவே விட்ட இடைவெளியைத்தான் பார்க்கச் சொல்வேன். 1758 முதல் 1765 வரை, அலெக்சாண்டர் ரோவ்ஹெட்டின் வடிவமைப்பில் கட்டியது இது. பெரிய முற்றத்தைச் சுற்றி, மூன்று தளங்கள் கொண்ட பத்து வார்டுக் கட்டடங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இடையிடையே தாழ்வான சிறு கட்டடங்கள். எல்லாவற்றையும் கோத்துச் செல்வது ஒரு தூண் தாழ்வாரம். சுமார் 1,200 நோயாளிகளுக்கு இடம் இருந்தது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? கெட்ட காற்றுதான் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். காரணம் தவறு, ஆனாலும் நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்களைப் பிரித்து வைத்ததால் தொற்று பரவும் வாய்ப்பு குறைந்தது. போர்ட்ஸ்மத் அருகே, சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கிய ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நீண்ட கட்டட வரிசைகள் இரட்டையாக ஓடும், நடுவில் ஒடுங்கிய முற்றம். ஸ்டோன்ஹவுஸ் எவ்வளவு துணிச்சலான மாற்றம் என்று அப்போது புரியும்.

அப்புறம், சுற்றுப்புறத்தையும் விடாதீர்கள். மருத்துவமனையை ஒட்டிக் கடற்கழி இருந்தது. நோயாளிகளைப் படகில் நேராகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கழியைப் பின்னாளில் தூர்த்துவிட்டதால் இன்று அங்கே மைதானம்தான். முன்பெல்லாம் நோயுற்ற மாலுமிகளைத் துறைமுக ஊர்களில் வாடகை வீடுகளில் தங்கவைத்தார்கள், பலர் அங்கிருந்தே ஓடிப்போனார்கள். கடற்படை சொந்தமாக மருத்துவமனை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிந்தால் பாரிஸுக்கும் போய்வாருங்கள். அங்குள்ள ஓட்டெல்-தியூ மருத்துவமனை 1772இல் தீப்பற்றியது. அதற்குப் பிறகு புதிய மருத்துவமனைகளை எப்படிக் கட்டலாம் என்று ஆராய, 1787இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டெனோன், இயற்பியலாளர் கூலும் இருவரும் ஸ்டோன்ஹவுஸுக்கு வந்தார்கள். மின்விசை விதியால் நமக்குத் தெரிந்த அதே கூலும்தான். 1854இல் முடிந்த பாரிஸின் லாரிபுவாசியே மருத்துவமனையில் அதே தனித்தனிக் கட்டடங்களையும் இணைக்கும் தாழ்வாரத்தையும் பார்க்கலாம். அது இன்றும் இயங்குகிறது.