வெல்லம் போட்ட வாழைப்பழ பிரெட் அடியில் களியாகிறதே, ஏன்?

கேள்வி: என் மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் இனிப்பு என்றால் அவருக்கு உயிர். அதனால் மைதாவையும் வெள்ளைச் சர்க்கரையையும் விட்டுவிட்டு, கோதுமை மாவும் வெல்லமும் போட்டு வாழைப்பழ பிரெட் செய்தேன். குறிப்பில் மூன்று பழம் என்று இருந்தது. கனிந்து கிடந்ததை வீணாக்க மனசில்லாமல் ஐந்து பச்சைப் பழம் சேர்த்தேன். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வால்நட் கலந்து வேகவைத்தேன். மேலே நன்றாகச் சிவந்து வந்தது. வெட்டிப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெறும் களி. வால்நட் முழுக்க அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, கசக்கவும் செய்தது. எங்கே தப்பு? வெல்லத்துக்குப் பதில் தேன் ஊற்றினால் மாமனார் தாராளமாகச் சாப்பிடலாமா? என் பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு துண்டு கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புத் தோழிக்கு, களியைச் சரிசெய்வது சுலபம். அதற்கு முன் உங்கள் மாமனார் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். அதுதான் முக்கியம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் எல்லாமே நல்ல பொருள்கள்தான். மணம் உண்டு, நிறம் உண்டு, கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பொறுத்தவரை அவற்றுக்குத் தனிச் சலுகை கிடையாது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். 'இயற்கை இனிப்பு' என்று பொட்டலத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, சர்க்கரை இருப்பவர்கள் இரண்டு துண்டுக்கு நாலு துண்டாகச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 கிராம் கோதுமை மாவு, தோல் நீக்கிய பழம் 300 கிராம், வெல்லம் 110 கிராம் என்று வழக்கமாகச் செய்யும் பிரெட்டைப் பத்துத் துண்டு போட்டால், ஒரு துண்டில் ஏறத்தாழ 31 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும். அதில் மாவிலிருந்து 14, பழத்திலிருந்து 7, மிச்சம் வெல்லத்திலிருந்து. அதே பிரெட்டில் வெல்லத்தை 60 கிராமாகக் குறைத்து, பன்னிரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 22 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். வெல்லமா, தேனா, சர்க்கரையா என்று மாற்றி மாற்றி யோசிப்பதால் கிடைக்காத பலன், அளவைக் குறைப்பதால் கிடைக்கிறது. கொட்டைகளில் உள்ள கொழுப்பும் புரதமும் செரிமானத்தைக் கொஞ்சம் நிதானமாக்கும், அவ்வளவுதான். இனிப்பை அவை ரத்து செய்துவிடாது.

ஆகவே 'தாராளமாக' வேண்டாம். ஒரு மெல்லிய துண்டு கொடுங்கள். டிபன் சாப்பிட்ட பிறகு கூடுதலாக இல்லாமல், டிபனில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு கொடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டால், அவர் உடம்புக்கு இது ஒத்துவருகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் அவரைப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

60 கிராம் வெல்லத்தில் இனிப்பு போதுமா என்று கேட்பீர்கள். போதும். ஆனால் பழம் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இந்தப் பலகாரத்தின் விஷயமே பழத்தில்தான் இருக்கிறது.

வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது. தோல் மஞ்சளாக இருக்கும்போது அந்த மாற்றம் முடிந்திருக்காது. தோலில் கரும்புள்ளி விழுந்து, பாதிக்கு மேல் கறுத்து, உள்ளே சதை கண்ணாடி போலப் பளபளத்துத் தேன் நிறத்துக்கு வரும்போதுதான் பழத்தின் முழு இனிப்பும் மணமும் வெளியே வரும். விரலால் அழுத்தினால் குழைய வேண்டும். புளித்த கள் வாடை வந்தால் தாண்டிப்போய்விட்டது, குப்பைக்குத்தான். பழம் மஞ்சளாக இருக்கிறது, நாளைக்கே செய்ய வேண்டும் என்றால் அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கிச் சீக்கிரம் கனியவைக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் தோல் கறுத்துவிடும், உள்ளே பழம் அப்படியே நின்றுவிடும். வெளியே பார்த்து நன்றாகக் கனிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். இதற்கு நேர்மாறாக, சரியான பக்குவத்துக்கு வந்த பழத்தைத் தோலுரித்து ஃப்ரீசரில் போட்டு வைத்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்கும். உருகும்போது விடும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதிலும் இனிப்பு இருக்கிறது. ஒரு சின்ன வாணலியில் ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் பழத்தோடு சேர்த்துவிடுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் பழம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நீங்கள் போட்ட பச்சைப் பழம், மோரிஸ், ரோபஸ்டா எல்லாம் கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் வாழைப்பழமும் அந்தக் குடும்பம்தான் என்பதால் அளவு சரியாகப் பொருந்தும். மணத்துக்கு என் ஓட்டு கற்பூரவள்ளிக்கு. நன்றாகக் கனிந்த கற்பூரவள்ளியில் செய்தால் வெல்லத்தை 40 கிராமாகக்கூடக் குறைக்கலாம். பூவனில் லேசான புளிப்பு இருக்கும், வெல்லத்தோடு நன்றாகச் சேரும். ரஸ்தாளி சாப்பிட அருமை, ஆனால் சில பழங்களில் நடுவே கட்டி விழுந்திருக்கும். மசித்துப் பார்த்துக் கட்டியை எடுத்துவிட வேண்டும். மலைப்பழத்தை நான் பிரெட்டில் போட மாட்டேன். அந்த விலைக்கும் ருசிக்கும் அதை உரித்து அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை.

இப்போது களிக்கு வருவோம். இங்கே இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. மூன்று பச்சைப் பழம் உரித்தால் 300, 350 கிராம் வரும். ஐந்து போட்டால் 500, 580 கிராம் வரை போய்விடும். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 200 கிராம் மாவால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மேல்பக்கம் சூட்டில் காய்ந்து சிவந்துவிடுகிறது, அடியில் இருப்பது வேகாமல் தங்கிவிடுகிறது. வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பலகாரம் 1930களில் அமெரிக்க வீடுகளில் பரவியதற்கே, கறுத்த பழத்தைத் தூக்கிப்போட மனமில்லாத அன்றைய பணமுடை ஒரு காரணம் என்பார்கள். ஆனால் மிச்சப் பழத்தின் இடம் ஃப்ரீசர், மாவு இல்லை. இனிமேல் பழத்தை எண்ணாதீர்கள், தராசில் நிறுங்கள். ஏலக்கிக்கும் மோரிஸுக்கும் எண்ணிக்கை எப்படி ஒன்றாகும்?

இரண்டாவது, மிக்ஸி. கோதுமை மாவை ஈரத்தோடு சேர்த்துச் சுழற்றினால் குளூட்டன் என்ற மாவுப் புரதம் இறுகிவிடும். சப்பாத்தி மாவுக்கு நாம் வேண்டி விரும்பிப் பிசைந்து உண்டாக்கும் அந்த இழுவை இங்கே வேண்டாத சங்கதி. பிரெட் ரப்பராகும், உள்ளே நீள நீளமாகப் பொந்து விழும். பழத்தை முள்கரண்டியால் மசித்தால் போதும், அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் சாப்பிடும்போது நன்றாகத்தான் இருக்கும். மாவைச் சேர்த்த பிறகு கரண்டியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மடித்துவிடுங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனவுடன் கையை எடுத்துவிட வேண்டும். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பொத்தென்று விழும் பதத்தில் இருக்கும். பயந்துபோய்ப் பால் ஊற்றாதீர்கள்.

வால்நட் மூழ்கியதும் இதே நீர்த்த மாவால்தான். மைதாவில் புரட்டிப் போட்டால் மூழ்காது என்பார்கள். மாவு கெட்டியாக இருந்தால் அந்த வேலையே தேவையில்லை. கசப்புக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒரு பருப்பை வாயில் போட்டு மென்று பாருங்கள். பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தால் அது கெட்டுவிட்டது. வால்நட் எண்ணெய் சீக்கிரம் கெடக்கூடியது, நம் வெயிலுக்கு அலமாரியில் தாங்காது, வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வாடை இல்லை, நாக்கில் துவர்ப்பும் கசப்பும் மட்டும் என்றால் அது தோலின் வேலை. வெறும் வாணலியில் சின்னத் தீயில் ஐந்தாறு நிமிடம் வறுத்து, சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். வறுப்பதால் மொறுமொறுப்பும் கூடும். பச்சையாகப் போட்ட பருப்பு ஈர மாவுக்குள் வெந்து சதசதவென்று ஆகிவிடும்.

வால்நட்தான் வேண்டும் என்று சட்டமும் இல்லை. வறுத்துத் தோல் புடைத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டுச் செய்து பாருங்கள். கடலையும் வெல்லமும் சேர்ந்தால் என்ன ருசி என்று கடலைமிட்டாய் சாப்பிட்ட நமக்குச் சொல்லவா வேண்டும். விலையிலும் பெரிய மிச்சம். முந்திரி மென்மையாக இருக்கும், எனக்கு இதில் அது அவ்வளவாக எடுபடுவதில்லை.

இனி செய்முறை. 60 கிராம் வெல்லத்தைத் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவையுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரியும். வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள், நிறத்துக்காக ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. கருத்த வெல்லமே மேல். மசித்த பழம் 300 கிராம், இரண்டு முட்டை, கால் கப் கெட்டித் தயிர், 80 மில்லி வாசனையில்லாத எண்ணெய், வெல்லக் கரைசல் எல்லாவற்றையும் கலக்குங்கள். இனிப்பைக் குறைத்தால் பிரெட் சீக்கிரம் காய்ந்துபோகும். ஈரத்தைப் பிடித்துவைப்பதும் சர்க்கரையின் வேலைதான். அந்தக் குறையைத் தயிரும் எண்ணெயும் ஈடுகட்டும், அதனால் இவற்றைக் குறைக்க வேண்டாம்.

200 கிராம் கோதுமை மாவோடு முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் ஏலக்காய்த் தூள் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடாவை மட்டும் கண்டிப்பாகத் தலைதட்டி அளக்க வேண்டும். தயிர், பழம், வெல்லம் மூன்றிலும் உள்ள புளிப்புதான் சோடாவைப் பொங்கவைக்கிறது. அதற்கு மேல் போட்ட சோடா அப்படியே தங்கி சோப்பு ருசியைக் கொடுக்கும். ஈரத்தில் பட்டதுமே சோடா வேலையை ஆரம்பித்துவிடும் என்பதால், கலந்த மாவை வைத்துக்கொண்டு போன் பேசக் கூடாது. 170 டிகிரியில் ஓவன் முன்கூட்டியே சூடாகிக் காத்திருக்க வேண்டும். 75 கிராம் கொட்டையில் பாதியை மாவில் கலந்து, பாதியை மேலே தூவி, நடுத்தட்டில் வைத்தால் 50 முதல் 60 நிமிடத்தில் வெந்துவிடும். காற்றாடி சுழலும் கன்வெக்‌ஷன் ஓவன் என்றால் 155 போதும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். நடுவில் குத்திய குச்சியில் ஒன்றிரண்டு ஈரத் துகள் ஒட்டலாம், பச்சை மாவு ஒட்டக் கூடாது. உங்களுடையதைப் போல மேலே மட்டும் வெந்து ஏமாற்றாமல் இருக்க, குச்சியை அடிவரை இறக்கிப் பாருங்கள்.

அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முழுக்க ஆறிய பிறகுதான் உள்ளே பதம் இறுகும். துணியில் சுற்றி வைத்து மறுநாள் வெட்டினால் மணம் இன்னும் நன்றாக இருக்கும், மெல்லிய துண்டாகவும் வரும். வெளியே இரண்டு நாள், அப்புறம் ஃப்ரிட்ஜ்.

தேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேன் ஊற்றினால் பிரெட் சீக்கிரம் கருகும், தேனின் நல்ல மணமும் சூட்டில் போய்விடும். நான் வெல்லத்தோடு நிற்பேன்.

கடைசியாக, குழந்தை. ஒரு வயது முடியும்வரை தேன் எந்த வடிவிலும் வேண்டாம், பிரெட்டில் சுட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் ஓவன் சூட்டில் சாவதில்லை. சின்னக் குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நரம்பைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம். உடைத்த கொட்டை தொண்டையில் சிக்கும், அதனால் இந்தப் பிரெட்டும் இப்போது அவளுக்கோ அவனுக்கோ வேண்டாம். வெல்லமும் உப்பும்கூட அந்த வயதுக்குத் தேவையில்லை. நீங்கள் மாவு கலக்க உட்காரும்போது, கனிந்த பழத்தில் ஒரு பாதியை எடுத்து வைத்து, நன்றாக மசித்துக் குழந்தைக்கு ஊட்டிவிடுங்கள்.