ஊழியரின் அழைப்புப் பட்டியலைத் துப்பறியும் நிறுவனத்திடம் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் தயாரிக்கிறோம். எங்கள் டெண்டர் விலை மூன்று முறை போட்டியாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இரண்டு ஊழியர்களின் சொந்தக் கைப்பேசி அழைப்புப் பட்டியலை எடுத்துத் தருவதாக ஒரு துப்பறியும் நிறுவனம் சொல்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். சந்தாதாரருக்கும், சட்டப்படி கோரும் அதிகாரம் பெற்ற காவல்துறை போன்ற அமைப்புகளுக்கும் மட்டுமே கிடைக்க வேண்டிய பட்டியலை ஒரு தனியார் கொண்டுவந்து தருகிறார் என்றால், அவர் சந்தாதாரர்போல் நடித்திருக்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். கைப்பேசி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கொடுத்து அதைச் செய்யச் சொன்னவரையும் சட்டம் விட்டுவிடாது.

அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு (எச்பி) கணினி நிறுவனத்தில் 2006இல் நடந்ததை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. இயக்குநர் குழுவின் பேச்சு சிநெட் செய்தித்தளத்துக்குக் கசிந்ததால், குழுவின் தலைவர் பாட்ரிசியா டன் விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். வேலை ஒப்பந்ததாரர் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் செய்தவர்கள் இயக்குநர்கள் போலவும் 9 பத்திரிகையாளர்கள் போலவும் நடித்துத் தொலைபேசிப் பதிவுகளை எடுத்தார்கள். இயக்குநர் டாம் பெர்கின்ஸின் பெயரில், அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணின் (அமெரிக்கர்களின் அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டே யாரோ தொலைபேசி நிறுவனத்தில் இணையக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். விசாரணையை நடத்தியவர் நிறுவனத்தின் நெறிமுறைகளுக்கும் பொறுப்பான வழக்கறிஞர். இந்தப் பதிவுகள் முறைப்படிதான் கிடைக்கின்றனவா என்று அவர் மின்னஞ்சலில் கேட்டார். விளிம்பில்தான் இருக்கிறது, ஆனாலும் முறையானதே என்ற பொருளில் பதில் வந்தது. கேட்டிருக்கவே கூடாது என்று எழுதி, அத்துடன் விட்டுவிட்டார். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கசியவிட்டவர் யார் என்பது தெரியவே செய்தது. ஆனால் டன் பதவி இழந்தார், நிறுவனம் கலிபோர்னியா மாநிலத்துக்கு 1.45 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது.

விலையை வெளியே சொன்னது ஊழியர்தான் என்பதே உங்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை. மூலப்பொருள் தருபவருக்கும், கொட்டேஷன் டைப் செய்து தரும் கடைக்கும்கூட அது தெரிந்திருக்கலாம். ஆகவே உங்களுக்கே சொந்தமான பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்: விலைக் கணக்குக் கோப்பை எந்த நாளில் யார் திறந்தார், அலுவலக மின்னஞ்சலிலிருந்து எது வெளியே போனது என்று பாருங்கள். அலுவலகக் கணினியும் மின்னஞ்சலும் சரிபார்க்கப்படும் என்று ஊழியர்களுக்கு எழுத்து மூலம் முன்பே தெரிவித்திருப்பது முக்கியம். அடுத்த டெண்டரில் இறுதி விலை இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டாம். ஆதாரம் கிடைத்தால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அழைப்புப் பதிவு தேவைப்பட்டால், அவர்களே தொலைபேசி நிறுவனத்திடம் சட்டப்படி கேட்டுப் பெறுவார்கள்.

துப்பறியும் நிறுவனம் மாதிரி என்று ஏதாவது பட்டியலை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அதை அழிக்காமலும் வேறு எவருக்கும் அனுப்பாமலும் நாளையே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.