நிலப்போர்வைக்கு அடியில் உரமிடுதல்: கேள்வி-பதில்

மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் பிளாஸ்டிக் நிலப்போர்வை) விரித்துத் தக்காளி நட்டுவிட்டேன். அடியுரம் போடவில்லை. இப்போது மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தைச் செடிக் குழிகளில் இடலாமா?

வேண்டாம். தண்டருகே குவியும் உரத்தின் உப்பு இளவேரைக் கருக்கிவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது என்பதால்தான், அதன் முக்கால் பங்கைச் சூப்பர் பாஸ்பேட்டாகவும், ஏக்கருக்குச் சுமார் 10 டன் மக்கிய தொழுவுரத்தையும் ஷீட் விரிப்பதற்கு முன்பே மேட்டுப்பாத்தியில் கலந்துவிடச் சொல்கிறோம். இனி 12:61:0 உரத்தை (தழைச்சத்து எனும் நைட்ரஜன் 12, மணிச்சத்து 61 சதவீதம் கொண்டு நீரில் கரைவது) சொட்டுநீரில் சிறு அளவுகளாகக் கொடுத்து ஓரளவு ஈடுகட்டலாம்.

கால்சியம் நைட்ரேட்டையும் 12:61:0 உரத்தையும் ஒரே டிரம்மில் கரைத்தேன். தயிர் திரிந்ததுபோல் ஆகி, சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டன. ஏன்?

கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, நீரில் கரையாத வீழ்படிவாகிவிட்டன. 0:0:50 (பொட்டாசியம் சல்பேட்) போன்ற சல்பேட் உரத்துடன் கலந்தாலும் ஜிப்சம் படியும். ஆகவே கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்ததாக இருந்தால், பாஸ்பேட் உரம் தனியாகவே அதில் கலங்கக்கூடும். டிரம்மில் கரைப்பதற்கு முன், அதே நீரில் அதே விகிதத்தில் சிறிதளவு உரத்தைக் கண்ணாடி பாட்டிலில் கரைத்து, அரை மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கினாலோ அடியில் மாவுபோல் தங்கினாலோ அது குழாய்க்கு ஆகாது. அடைத்த லேட்டரல்களின் (செடி வரிசையில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்களின்) கடைசி மூடியைக் கழற்றி, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். அப்போதும் சொட்டாதவற்றுக்கு அமிலச் சுத்திகரிப்பு தேவைப்படும். அதை அனுபவமுள்ளவரைக் கொண்டு செய்யுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாமல் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை மொத்தமாக உரம் விட்டால் போதாதா?

போதாது. ஷீட்டுக்கு அடியில் வேர்கள் சொட்டுவானைச் சுற்றிய ஈரத்திலேயே அடர்ந்திருப்பதால், மொத்தமாக விடும் தழைச்சத்தில் ஒரு பகுதி வேருக்குக் கீழே இறங்கி வீணாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்துக் கொடுப்பதே நல்லது. மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடுமானால், முதல் அரை மணி வெறும் நீர், பிறகு உரம், கடைசி அரை மணி மீண்டும் வெறும் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் பாசனத்தோடு உரத்தையும் நிறுத்திவிட்டுப் பிறகு இலை வெளிறியது என்று வருந்துபவர்கள் பலர். அன்று நேரத்தைக் குறைத்து உரத்தை மட்டுமாவது விடலாம்.

சொட்டுநீரில் யூரியா விடலாமா?

தாராளமாக விடலாம், நன்றாகக் கரையும். அதில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கால்சியம் நைட்ரேட் கொடுத்தும் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறதே?

பெரும்பாலும் குறை நீரில்தான் இருக்கும். ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் பாய்ச்சலுமாக இருந்தால், மண்ணிலுள்ள கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. அளவுக்கு மீறிய பொட்டாஷும் அதைத் தடுக்கும். ஷீட்டின் மேற்பரப்பைப் பார்த்து ஈரத்தை முடிவு செய்யாமல், குழி வழியே விரலை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகு பாசன நேரத்தை மாற்றுங்கள்.