சட்டைப் பைக்குள் ஒரு காது

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. கர்நாடக சங்கீதம் என்றால் உயிர். டிசம்பர் சீசனில் வாரத்துக்கு இரண்டு கச்சேரிக்காவது நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். இப்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. தாளம் போடுகிறேன் என்று தொடையில் ஓங்கி அறைகிறார். பாடகர் தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையை மெல்ல இறக்கி முடிக்கும் நேரத்தில், அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ‘பேஷ், பேஷ்!’ என்று கத்துகிறார். முன்வரிசைக்காரர்கள் ‘உஷ்’ என்றாலும் கண்டுகொள்வதில்லை. எதற்கெடுத்தாலும் பிடிவாதம். 50,000 ரூபாய் கொடுத்து வாங்கித் தந்த ஹியரிங் எய்டைக்கூட ‘பாட்டுக்கு இது ஆகாது’ என்று சபா வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் அறை இன்னும் பலமாகும் என்பதால் நான் எழுந்து கேன்டீன் பக்கம் போய்விடுவேன். இனி வீட்டிலேயே டிவியில் கேளுங்கள் என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை.

பதில்: பெற்றவரை வெளியே அழைத்துப் போக வெட்கமாக இருக்கிறது என்கிற கடிதம் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. கோயில், கல்யாண வீடு, ஹோட்டல் என்று இடம்தான் மாறும். மனம் நோகாமல் சொல்ல வழி கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழி கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஹியரிங் எய்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று. பிடிவாதத்துக்கு உதாரணமாக அதைச் சொன்னீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலே அங்கேதான் கிடக்கிறது. காது மந்தமான ஒரு பெரியவர், இருக்கிற துணையையும் கழற்றிவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் சத்தம் போடுகிறார் என்று என்னிடம் புகார் சொல்கிறீர்கள்!

உங்கள் குற்றப்பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். ஆலாபனையின்போது மிருதங்கம் சும்மா இருக்கும். குரல், வயலின், தம்பூரா அவ்வளவுதான். பாடகர் கீழே இறங்கி ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தில் வந்து குரலைத் தணித்து நிற்கிறார். உங்களுக்கு அந்தக் கார்வை, அதாவது நீட்டி நிறுத்திய ஸ்வரம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கருவி இல்லாத உங்கள் அப்பாவின் காதில் அது ஏற்கெனவே நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் ‘பேஷ்’ சொல்கிறார். முடித்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று தெரிந்த மனிதர்தான். அந்த முடிவு அவருக்குச் சில நொடிகள் முன்னாலேயே வந்துவிடுகிறது.

கத்துவதும் அப்படித்தான். நாம் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பதை நம் காதை வைத்துத்தான் அளக்கிறோம். அந்த அளவுகோல் தேய்ந்தவருக்குத் தன் குரல் மெதுவாகத்தான் கேட்கும். தொடையில் விழும் அடியும் கேட்காது. ‘உஷ்’ என்பதோ வெறும் காற்றொலி. உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிற அந்த மாதிரி ஒலிகள்தான் வயதான காதை விட்டு முதலில் போகும். அவர் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை தம்பி, அவருக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவர் அவரைத் திமிர் பிடித்த கிழவர் என்று நினைத்துக்கொள்கிறார். அப்படி இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டிய மகன் கேன்டீனில் நிற்கிறார்.

‘பாட்டுக்கு இது ஆகாது’ என்று அவர் சொன்னதும் உண்மை. ஹியரிங் எய்டு பேச்சுக்காகச் செய்த கருவி. சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல் அளவில் இருக்கும். மைக் வைத்த கச்சேரியில் பாட்டும் மிருதங்கமும் அதைத் தாண்டி எங்கேயோ போகும். கருவி பலத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். பேச்சு புரிய அது உதவும். பாட்டிலோ ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும். மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்துக் குறைக்கும். தம்பூராவின் ஸ்ருதியும் ஒரே சீராகத்தானே வருகிறது? அதையும் குறைத்துவிடும். கருவியே ‘கீ’ என்று விசிலடிக்காமல் தடுக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. புல்லாங்குழலின் நீண்ட கார்வையையோ மேல் ஷட்ஜத்தில் நிற்கும் குரலையோ தன் விசில் என்று எண்ணி அது வெட்டப் பார்க்கும். அப்போது ஸ்வரம் நடுங்குகிற மாதிரியும் பக்கத்தில் இன்னொரு ஒலி ஒட்டிக்கொண்ட மாதிரியும் கேட்கும். ஸ்ருதி சுத்தமாகக் கேட்டே பழகிய காதுக்கு இது எவ்வளவு பெரிய சித்திரவதை! அவர் கழற்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்குத் தீர்வு உண்டு. கருவியை வாங்கிய இடத்துக்கு அவரை அழைத்துப் போய், கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்டிடம் ‘சங்கீதம் கேட்பதற்கென்று தனி புரோகிராம் வைத்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளில் அது முடியும். அந்த புரோகிராமில் இரைச்சல் குறைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். விசில் தடுப்பை முடிந்த அளவு தளர்த்த வேண்டும். மைக் முன்பக்கத்தை மட்டும் பிடிக்காமல் எல்லாப் பக்கமும் வாங்கட்டும். அமுக்கம் குறைவாக இருக்கட்டும். போகும்போது போனில் மூன்று ஒலிப்பதிவுகள் கொண்டுபோங்கள்: தம்பூரா மட்டும் இரண்டு நிமிடம், ஒரு புல்லாங்குழல் ஆலாபனை, ஒரு தனி ஆவர்த்தனம். அவற்றை ஒரு நல்ல ஸ்பீக்கரில் போட்டு, அப்பா கேட்டுச் சொல்லச் சொல்ல மாற்றட்டும். பதில் சொல்ல வேண்டியவர் அப்பா, நீங்கள் இல்லை. நடுவில் புகுந்து ‘எல்லாம் நல்லாத்தான் கேட்குது’ என்று முடித்துவைக்காதீர்கள்.

ஒரே தடவையில் சரியாகாது. ஒரு கச்சேரி கேட்டுவிட்டு, என்ன குறை என்று சொல்லித் திரும்பவும் மாற்ற வேண்டியிருக்கும். கடைசியாகக் காதைப் பரிசோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். காது அழுக்கு கருவியின் முனையை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடச் சின்ன வேலை. பாதிப் புகார் அங்கேயே தீர்வதுண்டு. வீட்டு புரோகிராமிலிருந்து கச்சேரி புரோகிராமுக்கு மாற்றும் பொத்தானை அவர் கையாலேயே பழகவையுங்கள். இவ்வளவும் செய்தாலும் நாற்பது வயதுக் காது திரும்பாது. தம்பூரா கேட்கும், கார்வை எங்கே முடிகிறது என்று தெரியும், தன் குரலின் அளவு தெரியும். உங்கள் புகாரில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும்.

இடத்தையும் பார்த்து வாங்குங்கள். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உட்காரவைத்தால் எந்த புரோகிராமும் நிற்காது. முன்னால் இருந்து ஐந்தாறு வரிசை தள்ளி, நடுப்பகுதியில், நன்றாகக் கேட்கும் காது மேடைப் பக்கம் இருக்கிற மாதிரி உட்காரட்டும். வழக்கமாக நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். அவருக்கு எது தெளிவாகக் கேட்கவில்லை என்று கேட்டு, அந்தப் பக்கமாக நகருங்கள்.

தாளத்துக்கு வருவோம். அவர் தப்பாகப் போடுகிறார் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. முன்வரிசையில் தப்புத் தாளம் போடுகிறவர்தான் மேடையில் இருப்பவருக்கு உண்மையான தொல்லை. உங்கள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, ஓசைதான் அதிகம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் கை விழுவது மூன்றே இடம்: ஒன்று, ஐந்து, ஏழு. இரண்டு, மூன்று, நான்கு விரல்களில் போகும். ஆறும் எட்டும் வீச்சு, அதாவது உள்ளங்கையை மேலே திருப்புவது. விரலுக்கும் வீச்சுக்கும் ஓசை கிடையாது. அங்கவஸ்திரத்தை நாலாக மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டால் அந்த மூன்று தட்டும் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. இதை அவரிடம் நேராகவே சொல்லலாம். நோக மாட்டார். தாளத்தைப் பற்றிப் பேச மகன் வாய் திறந்தானே என்று சந்தோஷப்படுவார்.

‘பேஷ்’ சொல்வதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கச்சேரி, மூச்சுக்கூட விடாமல் கேட்க வேண்டிய சடங்கு இல்லை. நல்ல பிடி ஒன்று விழுந்தால் தலை ஆடும், நாக்கு ‘ச்ச்’ கொட்டும், ‘பலே’ வரும். வித்வான்கள் அதை எதிர்பார்த்து எதிர்வரிசையைப் பார்ப்பார்கள். கருவியைச் சரிசெய்யும்வரை ஒரு சின்ன ஏற்பாடு போதும். ஆலாபனை முடியும் இடத்தில் நீங்கள் அவர் முழங்கையை லேசாகத் தொடுங்கள், அப்புறம் அவர் சொல்லட்டும். அதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆலாபனை எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியவும் வேண்டும்!

தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிற ஒருவர், தாளம் போடுகிறவரைப் பற்றி நாகரிகம் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மிருதங்க வித்வானுக்கென்று இருக்கிற நேரமே அதுதான். கடைசியில் மோரா என்கிற தாளக்கட்டு முடிந்து, கோர்வை என்கிற முடிப்புக் கணக்கு மூன்று முறை வரும். மூன்றாவது முடிந்ததும் பாடகர் எடுப்பில், அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்தில், வந்து பாட்டைப் பிடிப்பார். இரண்டாவதிலேயே அவசரப்பட்டுக் கைதட்டுகிறவர்கள் நல்ல காது உள்ளவர்கள்தான், அவர்களை யாரும் ‘உஷ்’ என்பதில்லை. இந்த எண்ணிக்கையைப் பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு கையால் பகிர்ந்துகொள்வதற்குத்தான் உங்கள் அப்பா தனியின்போது பலமாகத் தட்டுகிறார் என்று நினைக்கிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

டிவி யோசனையை அவர் காதில் போடவே போடாதீர்கள். கச்சேரிக்கு அழைத்துப் போவது டிரைவர் உத்தியோகம் இல்லை. காரை நிறுத்தியதோடு மகன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வெட்கப்பட வேண்டுமானால், ஒரு வித்வானின் தனியைக் கேட்காமல் டிகிரி காபிக்கு வரிசையில் நிற்பதற்குப் படுங்கள்.

சீசன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே ஆடியாலஜிஸ்டிடம் நேரம் வாங்குங்கள். முதல் சோதனைக்குப் பெரிய சபா வேண்டாம். கோயில் மண்டபத்திலோ சின்ன ஹாலிலோ நடக்கும் ஒரு மணி நேரக் கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். கருவி காதில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தம்பூரா கேட்டதா, வயலின் கரகரத்ததா, மேல் ஸ்தாயியில் நடுக்கம் வந்ததா என்று வரும் வழியில் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.