நிலக்கரி லொறிச் சாரதிகளுக்கு வரிசையில் நிற்பதில் அப்படி என்ன கஷ்டம்?

மங்கோலியாவில் நிலக்கரி லொறிகள் சீன எல்லையில் நாட்கணக்கில் காத்திருக்கின்றனவாமே, வண்டியை நிறுத்திவிட்டு உறங்குவதில் என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாதச் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும், கோபிக்க வேண்டாம்.

நான் நிலக்கரி ஏற்றியவன் அல்லன். இலங்கையின் நுரைச்சோலை மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கடல் வழியாகவே வந்து இறங்குவதால் இங்கே அந்த வேலைக்கு வாய்ப்பும் குறைவு. இருப்பினும், கொழும்பின் புறக்கோட்டைச் சந்தைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், 19 வருடங்கள் லொறி ஓட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வரிசையில் நிற்பவன் உறங்குவதில்லை. முன்னால் உள்ள வண்டி நகரும் நொடியில் நாமும் நகராவிட்டால் இடையில் வேறொருவன் புகுந்துவிடுவான்.

2022 ஜூலையில், சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பும் வழியில், அநுராதபுரத்துக்கு அருகே டீசலுக்காக நான்கு இரவுகள் நின்றேன். காற்றோட்டத்துக்காகப் படங்கை விலக்கினால் இருட்டில் மூட்டை காணாமற்போகும். இழுத்துக் கட்டினால் உள்ளே வெந்துவிடும். பகலில் விலக்கி, இரவில் கட்டி, கிளீனர் தம்பியும் நானும் மாறி மாறிக் காவல் இருந்தோம். பெற்றோல் செட்டின் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் தம்பி என்னைத் தட்டி, “அண்ணே, பலகையால தண்ணி வடியுது” என்றான். வடிந்தது வெங்காயச் சாறு. பின் சக்கரம் முழுவதும் ஈ.

புறக்கோட்டையில் நாட்டாமைமார் 11 மூட்டைகளைத் தனியாக ஒதுக்கினார்கள். வெங்காய முதலாளி அவற்றின் விலையை லொறி வாடகையில் கழித்தார். லொறிச் சொந்தக்காரர் அதை என் கூலியில் கழித்தார். நின்ற நான்கு நாட்களுக்கு ஒரு சதமும் இல்லை, ஏனெனில் எங்களுக்குப் பயணத்துக்குத்தான் கூலி. நாட்டில் டீசல் இல்லாததற்குச் சாரதி எப்படிப் பொறுப்பு என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. சாரதிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை; மூட்டையை விற்றுவிட்டு அழுகியதாகச் சொன்னவர்களையும் அறிவேன். நான் விற்கவில்லை.

மங்கோலியாவுக்கு வருவோம். 2017இல் அங்கே தவான் தொல்கோய் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து சீன எல்லையில் உள்ள கஷூன் சுகைத்துக்குச் செல்லும் பாதையில் லொறி வரிசை 100 கிலோமீற்றரையும் தாண்டியது. கோபிப் பாலைவனத்தில், குளிர்காலத்தில் வெப்பநிலை மறை 30 பாகை வரை இறங்கும் இடத்தில், சாரதிகள் வண்டிக்குள்ளேயே சமைத்து உண்டு நாட்களைக் கழித்தார்கள். நிலக்கரி அழுகாது என்ற ஒரு வசதி மட்டும் அவர்களுக்கு இருந்தது.

அதே பாதைக்கு 2022 செப்டம்பரில் 233 கிலோமீற்றர் நீளமான ரயில் பாதை திறக்கப்பட்டது. நல்ல செய்திதான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கோ, அந்த வரிசையில் லீசிங்குக்கு எடுத்த லொறியோடு நின்றவன் மிச்சத் தவணையை எப்படிக் கட்டியிருப்பான் என்றுதான் யோசனை ஓடியது.